கனெக்டரோட வர்ற ப்ளோவர் ரெசிஸ்டர் கிட்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்த பிறகு

கார் ஏசி ஃபேனோட (ப்ளோவர்) வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டரும் அதோட கனெக்டரும் சேந்து வர்ற கிட் இது. மாட்டுன அன்னைக்கே ஸ்டார் போட்டுட்டுப் போற பார்ட் இல்ல, முதல் நாள் எல்லா ரெசிஸ்டரும் நல்லாத்தான் வேலை செய்யும். அதனாலதான் ஒரு முழு வெயில் காலம் ஓட்டிப் பாத்துட்டு இப்ப எழுதுறேன். அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன்.

என் கார்ல வந்த கம்ப்ளைன்ட் இதுதான். ஏசி ப்ளோவர் 1, 2, 3ல சுத்தவே சுத்தாது, 4ல வச்சா மட்டும் புயல் மாதிரி அடிக்கும். உங்களுக்கும் இதே மாதிரின்னா ஃபியூஸ், ரிலேன்னு தேடி அலையாதீங்க, 4ல ஓடுதுன்னாலே மோட்டாருக்கு கரண்ட் வருதுன்னு அர்த்தம். மேனுவல் ஏசில குறைஞ்ச ஸ்பீடு எல்லாம் ரெசிஸ்டர் வழியாத்தான் போகும், டாப் ஸ்பீடு மட்டும் அதைத் தொடாம நேரா முழு 12 வோல்ட்ல ஓடும். ரெசிஸ்டர்ல ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும், ஓவரா சூடானா அது அறுந்துரும், ஒருதடவ அறுந்தா அவ்வளவுதான் திரும்ப சேராது, அப்ப கீழ இருக்கிற ஸ்பீடு அத்தனையும் ஒண்ணா போயிடும். ஒரே ஒரு ஸ்பீடு மட்டும் செத்திருந்தா ரெசிஸ்டர்ல ஒரு காயில் (கம்பிச் சுருள்) மட்டும் கட் ஆகியிருக்கும், இல்ல சுவிட்ச்ல கோளாறா இருக்கும். எதுலயுமே ஓடலன்னாதான் ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார்னு பாக்கணும். அப்ப மோட்டார் பாடிய ஸ்க்ரூடிரைவர் பிடியால மெதுவா தட்டிப் பாருங்க, தட்டுனதும் சுத்துச்சுன்னா உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சுன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம்.

இந்தக் கிட்டுக்கு முன்னாடி நான் வெறும் ரெசிஸ்டர் மட்டும் வாங்கி மாட்டுனேன், பழைய கனெக்டரையே அதுல சொருகிட்டேன். ஆறு வாரம் தாங்குச்சு. மறுபடி அதே 4 மட்டும். அப்பதான் பழைய கனெக்டரைத் திருப்பி வெளிச்சத்துல பாத்தேன், ஒரு பின் இருக்கிற இடத்துல பிளாஸ்டிக் பழுப்பாகி லேசா உருகி இருந்துச்சு. இதை முதல்லயே பாத்திருக்கணும். பின் லூஸ் ஆகி அங்க 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே போதும், 10 ஆம்பியர் ஓடுறப்ப அந்தச் சின்ன முனையில மட்டும் 10 வாட் சூடு உக்காரும், அது புது ரெசிஸ்டரோட பின்னையும் சேத்து சுட்டுரும். அதனாலதான் ரெண்டாவது தடவ கனெக்டர், வயர் எல்லாம் சேந்து வர்ற இந்தக் கிட்டை எடுத்தேன்.

பார்ட்டோட தரம் நல்லா இருக்கு. பேஸ் பிளேட் கெட்டியா இருக்கு, அடியில ஃபோம் கேஸ்கட் ஒட்டி வருது, அதனால டக்ட்ல (காத்து போற குழாய்ல) காத்து லீக் ஆகல. மாட்டுறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர 200 ஓம் ரேஞ்சுல வச்சு ஒவ்வொரு பின்னா பாத்தேன், ரெண்டு லீடையும் சேத்துப் பிடிச்சு வர்ற அளவைக் கழிச்சுட்டுப் பாத்தா எல்லாமே மூணு ஓமுக்குள்ளதான், எங்கயும் ஓபன் (அறுந்த இடம்) இல்ல. கனெக்டர் சொருகுறப்ப டக்குன்னு லாக் விழுது, ஆட்டிப் பாத்தாலும் அசையல. குறைன்னு பாத்தா வயர் கலர் நம்ம வண்டி ஹார்னஸோட (வயர் கட்டோட) சுத்தமா ஒத்துப்போகல. கலரைப் பாத்து ஜாயின்ட் போட்டா ஸ்பீடு எல்லாம் மாறிடும். பழைய கனெக்டர ஃபோட்டோ எடுத்து வச்சுட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு வயர் மட்டும் வெட்டி, பின் எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்தை வச்சே சேருங்க. முறுக்கி டேப் சுத்துற வேலை இங்க வேண்டவே வேண்டாம், கிரிம்ப் பண்ணி (உலோகக் குழல்ல வச்சு நசுக்கி), மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்குற ட்யூப்) போடுங்க. கலர் பத்தி ஒரு துண்டுச் சீட்டு கூட உள்ள வைக்கல, ஒரு ஸ்டார் அதுக்குத்தான் போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். கிட்டை மாட்டுறதுக்கு முன்னாடி முதல் ரெசிஸ்டர் ஏன் எரிஞ்சுச்சுன்னு கண்டுபிடிக்காம விடக்கூடாதுன்னு டிசி (பேட்டரி கரண்ட்) ஆம்பியர் பாக்குற கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி அளக்குற மீட்டர்) ஒண்ணு எடுத்தேன். ஏசி கரண்ட் (வீட்டு கரண்ட்) மட்டும் அளக்குற கிளாம்ப் இதுக்கு ஆகாது. சாதா மல்டிமீட்டரோட 10 ஆம்பியர் சாக்கெட்லயும் சொருகாதீங்க, ப்ளோவர் டாப் ஸ்பீடுல அதுக்கு மேல இழுக்கும், மீட்டர் ஃபியூஸ் போயிடும். என் மோட்டார் 4ல 24 ஆம்பியர் காட்டுச்சு. கழட்டி கையால சுத்துனா சுத்திட்டே இருக்க வேண்டிய ப்ளோவர் வீல் அரை சுத்துல நின்னுடுச்சு, புஷ் (ஷாஃப்ட் சுத்துற வளையம்) தேஞ்சு ஷாஃப்ட் இறுகி இருக்கு. வீல் இடுக்கு பூரா காஞ்ச இலை, கேபின் ஃபில்டர் சாம்பல் கலர்ல அடைச்சுக் கிடக்கு. இந்த ரெண்டும் சேந்ததுதான் வினை. இறுகுன மோட்டார் கரண்ட அதிகமா இழுக்குது, ரெசிஸ்டர் டக்ட்டுக்குள்ள இருக்கிறதே அந்தக் காத்துல குளிரத்தான், ஃபில்டர் அடைச்சா அந்தக் காத்தும் இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க, 1.5 ஓம் காயில்ல 5 ஆம்பியர் ஓடுனாலே 37 வாட் சூடு, ஒரு சோல்டரிங் அயர்ன டக்ட்டுக்குள்ள வச்ச மாதிரி. அதுக்கும் மேல இழுத்தா எந்த கம்பெனி ரெசிஸ்டர் போட்டாலும் எரியத்தான் செய்யும்.

அதனால மோட்டாரும் மாத்துனேன், ஃபில்டரும் மாத்துனேன். புது மோட்டார் அதே 4ல 16 ஆம்பியர்தான் இழுக்குது. மோட்டார் நல்லாருந்து தூசி மட்டும் இருந்தா மாத்த வேண்டியதில்ல, பிரஷ் வச்சு வீல கிளீன் பண்ணுனா போதும், ஆனா வீல் ஓரத்துல குட்டியா ஒரு உலோக கிளிப் இருந்தா புடுங்கிறாதீங்க, அது பேலன்ஸுக்காக வச்சது, எடுத்தா டேஷ்போர்டே அதிரும்.

வேலை பெருசா கஷ்டம் இல்ல. என் வண்டில க்ளவ் பாக்ஸ இறக்குனா ப்ளோவரும் ரெசிஸ்டரும் அங்கயே இருக்கு, எல்லாம் ஸ்க்ரூதான். ஆனா பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு சில நிமிஷம் காத்திருந்து அப்புறம் கைய விடுங்க, அந்தப் பக்கம்தான் பாசஞ்சர் ஏர்பேக் இருக்கு, மஞ்சள் கனெக்டர் எதுலயும் மீட்டர் முனைய வைக்கவே கூடாது. கொஞ்ச நேரம் முன்னாடி ப்ளோவர் ஓடியிருந்தா ரெசிஸ்டர் காயில்லயும் கை வைக்காதீங்க, சுட்டுரும். இன்னொண்ணு, தெர்மல் ஃபியூஸ் போன இடத்துல ஒரு வயர சோல்டர் வச்சு ஜாயின்ட் பண்ணிட்டா ஓடும்னு சிலர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. அது தீ பிடிக்காம இருக்கத்தான் அங்க இருக்கு. ஆம்பியர் கூட்டி ஃபியூஸ் போடுறதும் அதே தப்புதான்.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் வண்டிகள்ல பெரும்பாலும் இந்த மாதிரி ரெசிஸ்டர் இருக்காது, டிரான்சிஸ்டர் வச்ச மாடியூல் இருக்கும், அதை ஓம் பாத்து டெஸ்ட் பண்ண முடியாது. அந்த மாதிரி வண்டி வச்சிருக்கவங்க இந்தக் கிட்டை வாங்காதீங்க. மத்தவங்களும் பின் எண்ணிக்கையையும் பின் நிக்கிற வரிசையையும் பழசோட ஒப்பிட்டுப் பாத்துட்டே ஆர்டர் போடுங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு டைப் வருது.

எட்டு மாசத்துல ஒரு ஸ்பீடு கூட போகல. போன வாரம் ஃபில்டர் தட்டுறப்ப ப்ளோவர 2ல அரை மணி நேரம் ஓடவிட்டு கனெக்டரத் தொட்டுப் பாத்தேன், லேசா வெதுவெதுப்புதான். பழைய ஸ்க்ரூ ரெண்டையும் மட்டும் தொலைச்சிராதீங்க, டப்பால ஸ்க்ரூ வராது.