கைப்பேசியில் செருகும் தூசுமானி: 380 வெள்ளி போயிற்று, நீங்களாவது ஏமாறாதீர்கள்

கை இன்னும் நடுங்குகிறது. நேற்று இரவுதான் உண்மை தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கைப்பேசியின் யுஎஸ்பி துளையில் செருகிக் காற்றில் உள்ள தூசியை அளக்கும் கருவி என்று சொல்லி என்னிடம் 380 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) பறித்துவிட்டார்கள். இதுபோன்ற கருவி வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. புகைமூட்டம் வந்துவிட்டால் அவள் படும் பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அரசாங்கம் வெளியிடும் காற்று மாசுக் குறியீடு வட்டாரத்துக்குப் பொதுவானது. அவள் படுக்கும் அறைக்குள் எவ்வளவு தூசி என்று எனக்குத் தெரிய வேண்டும். பி.எம். 2.5 என்கிற நுண்தூசியைச் சொல்கிறேன். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, நுரையீரலின் அடிவரை போய்விடும்.

ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடி, மேல்மாடியில் கைப்பேசி உதிரிப்பொருள் விற்கும் கடை. புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே எழுதவில்லை. கடையில் இருந்த தம்பி தமிழர். "உட்காருங்கள் அக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மகளைப் பற்றிக் கேட்டார். தன் அண்ணன் பிள்ளைக்கும் இளைப்பு என்றார். தன் கைப்பேசியில் கருவியைச் செருகி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அருகில் பிடித்தார். 18 என்று இருந்த எண் 40, 90, 160 என்று ஏறித் திரை சிவந்தது. பத்தியை எடுத்ததும் இறங்கியது. அங்கேதான் நான் விழுந்தேன். கண்ணெதிரே நடந்ததை எப்படிச் சந்தேகிப்பது? பேரம்கூடப் பேசவில்லை. 380 வெள்ளி, இரண்டு வார ஓவர்டைம் காசு, ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அவருடைய பெருவிரல் திரையின் ஓரத்தை விட்டு நகரவே இல்லை.

வீட்டில் எப்போது பார்த்தாலும் 11, 14, 12. பச்சை நிறம். அதை நம்பிச் சன்னலைத் திறந்து வைத்தேன், மகளை வெளியே விளையாட விட்டேன். மூன்றாம் நாள் இரவு அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், நெபுலைசர் வைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் திரையில் 13. மறுநாள் சாமி மேடையில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே பிடித்தேன். 12.

கடைக்குப் பேசினேன். "உங்கள் கைப்பேசியில் ஓடிஜி அணைந்திருக்கும் அக்கா" என்றார். வெளிக்கருவிக்குக் கைப்பேசியே மின்சாரம் கொடுத்து அதனோடு தகவல் பரிமாறும் வசதி அது. சில கைப்பேசிகளில் அதை நாமே இயக்க வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லியே இரண்டு நாள் இழுத்தடித்தார். இயக்கிப் பார்த்தேன், அதே எண். பிறகு செயலியைப் புதுப்பிக்கச் சொன்னார். பிறகு என் கைப்பேசி பழையது என்றார். ஃபெரி ஏறி நேரிலேயே போனேன். நாற்காலி வரவில்லை, அக்கா என்ற சொல்லும் வரவில்லை. "ரசீதைப் படியுங்கள், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று வேறு யாரையோ பார்த்தபடி சொன்னார். அடுத்த முறை போனால் முதலாளி இல்லை, வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார். 380 வெள்ளி!

நேற்று என் அக்கா மகன் வந்தான். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சித்தி, கருவியைப் பிடுங்குங்கள்" என்றான். பிடுங்கினேன். கருவி என் கையில் இருக்கிறது, திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. 12, 13, 11. வயிறு பற்றி எரிந்தது.

பிறகு கூட்டைப் பிரித்தான். உண்மையான தூசுமானியில் சிறு விசிறி காற்றை உள்ளே இழுக்கும், லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும், அந்தச் சிதறலை அளந்துதான் எண் வரும். இதில் விசிறி இல்லை, லேசர் இல்லை. ஒரு நீல விளக்கும் இரண்டொரு மின்தடையமும் (ரெசிஸ்டர்) தான். யுஎஸ்பியில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி என்று காட்டினான். தகவல் கம்பிகள் இரண்டும் எதிலும் பற்றவைக்கப்படவில்லை. விளக்கு எரிய மட்டும் மின்சாரம் போயிருக்கிறது. அந்தப் பச்சை எண்ணை நம்பித்தான் என் பிள்ளையை வெளியே அனுப்பினேன்.

எழுத நேரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடையிலேயே உங்கள் கைப்பேசியில், உங்கள் கையால் செருகிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால், அந்தச் செயலி யுஎஸ்பி கருவியை அணுகலாமா என்று முதல் முறை அனுமதி கேட்கும். எனக்குக் கேட்கவே இல்லை. பிடுங்கியதும் எண் நிற்க வேண்டும். ரொக்கம் கொடுக்காதீர்கள். திரும்பப் பெறப்படாது என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் செல்லாமல் போய்விடாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். பிரித்த கருவி, ரசீது, கிளினிக் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு வைத்துவிட்டேன்.