தொடக்கநிலையினருக்கான அல்காரிதம் கலந்துரையாடல் வகுப்பு: என் மதிப்பீடு

நிரல் எழுதப் பழகுவோர் தாங்கள் கண்ட அல்காரிதங்களை, அதாவது படிப்படியான தீர்வு முறைகளை, ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்கும் இணையவழி வகுப்பு ஒன்றில் எட்டு வாரங்கள் பங்கேற்றேன். விடையைக் காட்டுவதற்கு முன் அதை எட்டிய வழியைச் சொல்ல வேண்டும் என்னும் விதியே இதன் பெரும்பலம். கொடுத்த கூட்டுத்தொகையைத் தரும் இரண்டு எண்களைக் கண்டறியும் கணக்கை நான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப்களை (திரும்பத் திரும்ப இயங்கும் கட்டளைத் தொகுதிகளை) வைத்துத் தீர்த்திருந்தேன்; 10,000 எண்கள் இருந்தால் ஏறத்தாழ 5 கோடி இணைகளைச் சோதிக்க நேரிடும் என்று சக மாணவி ஒருவர் எண்ணிக் காட்டி, கடந்து வந்த எண்களை ஹேஷ் டேபிளில் (ஒரு மதிப்பு உள்ளதா என்று விரைவாகப் பார்க்க உதவும் சேமிப்பு அமைப்பில்) சேமித்தால் ஒரே சுற்றில் முடிந்துவிடும் என விளக்கியபோதுதான் வேகத்தை அளப்பதன் பொருள் எனக்கு விளங்கியது. வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி தேடலில், தேடும் பகுதியின் எல்லைகளை நகர்த்துவதில் பிசகினால் நிரல் முடிவின்றி ஓடும் என்பதை ஒரு மாலை முழுவதும் அலசினோம். அத்தகைய பொறுமை அரிது. கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக், முதலில் வந்ததை முதலில் எடுக்கும் கியூ ஆகியவை பற்றிய பாடங்களும் நன்று.

துணைக்கணக்குகளின் விடைகளைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் டைனமிக் புரோகிராமிங்கை இரண்டே அமர்வுகளில் முடித்தது பெருங்குறை. ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் ரிகர்ஷனில் ஒரே துணைக்கணக்கு திரும்பத் திரும்ப வருவதை நாங்கள் கண்டுணரும் முன்பே அவ்விடைகளுக்கான அட்டவணையை நிரப்பச் சொன்னார்கள். அப்பகுதிக்கு இன்னும் இரண்டு வாரங்களேனும் ஒதுக்க வேண்டும்.