41,000 கிலோமீட்டருக்குப் பிறகு: டூரிங் பைக்கின் புதிய ஷாக்கும் கைக்கு எட்டாத அதன் திருகும்

பழுதுபார்க்கப் போன பின்பக்க ஷாக் அப்சார்பர், ஐந்து வாரக் காத்திருப்புக்குப் பின் சென்ற வாரம்தான் மீண்டும் வண்டியில் ஏறியது. அதே வாரத்தில், என்னுடையதைப் போன்ற டூரிங் பைக்கையே வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் சஸ்பென்ஷனை (சாலையின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பை) மாற்றினீர்களே, நானும் மாற்றலாமா?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முயன்றேன், முடியவில்லை. மாற்றிய பிறகு மூன்றரை ஆண்டுகளில் 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல், மனைவி பின்னிருக்கையில் அமர, இரண்டு பக்கப்பெட்டிகளும் நிறைந்திருக்கச் சென்ற பயணங்கள்.

முன்பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய ஃபோர்க்கில் டாம்பிங்கை, அதாவது ஸ்பிரிங்கின் அசைவை அடக்கும் எதிர்ப்பைத், தருவது துளையிட்ட ஒரு குழாய் மட்டுமே. எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே பாயும்போது, வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். அதனால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தொபுக்கென்று குனியும், கூர்மையான பள்ளத்தில் அதே ஃபோர்க் இரும்பாக இறுகி மணிக்கட்டில் அடிக்கும். மில்லிமீட்டருக்கு 9.5 நியூட்டன் விறைப்புள்ள சீரான ஸ்பிரிங்குகளைப் போட்டு, குழாயின் மேல் அமரும் சிறிய வால்வு ஒன்றைச் சேர்த்து, 10W தடிப்புள்ள எண்ணெயை அளந்து ஊற்றியதோடு இந்த இரண்டு குறைகளும் தீர்ந்தன. ஒரு நாள் வேலை. அதன்பின் ஒருமுறை எண்ணெய் மாற்றியதைத் தவிர ஃபோர்க்கை நான் தொடவே இல்லை.

பின்பக்கம்தான் வண்டியின் குணத்தையே மாற்றியது. என் வண்டியின் பின்சக்கரம் மொத்தம் 160 மில்லிமீட்டர் மேலும் கீழும் நகரக்கூடியது. ஆளும் சுமையும் ஏறி அமர்ந்த நிலையில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிமீட்டரை ஒட்டி, அமிழ்ந்திருப்பது நல்லது. பழைய ஷாக்கில் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) முழுவதும் முறுக்கிய பிறகும், இருவரும் பெட்டிகளுமாக ஏறினால் 75 மில்லிமீட்டர் அமிழும். வால் தாழ்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி திரும்ப மறுக்கும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது ஸ்பிரிங்கின் விறைப்பைத் துளியும் மாற்றாது, வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே மாற்றும். எங்கள் எடைக்கு ஏற்ற விறைப்புள்ள ஸ்பிரிங்கோடு புதிய ஷாக்கை மாட்டிய அன்றே அமிழ்வு சரியான அளவுக்கு வந்தது.

ஆனால் நான் உண்மையில் மகிழ்ந்தது ரீபவுண்ட் டாம்பிங்கில்தான். ஸ்பிரிங் அமுங்கிய பின் எவ்வளவு வேகத்தில் மீண்டும் விரிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அது. இறக்கத்தில், வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தால் பழைய ஷாக் மூன்று முறை துள்ளும், ஒவ்வொரு துள்ளலிலும் வண்டி செல்லும் பாதையிலிருந்து சற்று விலகும். புதியது ஒருமுறை இறங்கி ஒருமுறை எழுந்து அடங்கிவிடுகிறது. காலையில் புறப்பட்டு மாலைவரை கரடுமுரடான சாலையில் ஓட்டினாலும் அந்த அடக்கம் குறைவதில்லை. உள்ளே ஒரு மிதவைப் பிஸ்டன் எண்ணெயையும் நைட்ரஜனையும் பிரித்து வைத்திருக்கிறது. வாயுவின் அழுத்தம் எண்ணெயில் குமிழிகள் தோன்றவிடாமல் தடுப்பதால் டாம்பிங் நாள் முழுவதும் ஒரே சீராக நிற்கிறது. நீண்ட பயணத்தின் இரண்டாம் நாள் காலையில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் மனைவி இயல்பாக இறங்கி நடந்ததைப் பார்த்தபோது, செலவழித்த பணத்தைப் பற்றிய உறுத்தல் எனக்கு முற்றிலும் நீங்கியது.

பழுதின்போது பழைய ஷாக்கை மீண்டும் மாட்டி ஐந்து வாரங்கள் ஓட்ட நேர்ந்ததால், இந்த வேறுபாடு என் கற்பனையல்ல என்பதும் உறுதியாயிற்று. முதல் வேகத்தடையிலேயே முதுகெலும்பு அதைச் சொல்லிவிட்டது.

இத்தனை நல்ல பொருளில், என்னை மூன்றரை ஆண்டுகளாக வாட்டும் ஒன்று இருக்கிறது. ப்ரீலோடை மாற்ற ஸ்பேனர் தேவையில்லை. ஒரு திருகைச் சுழற்றினால், எண்ணெய் ஒரு மெல்லிய குழாய் வழியே சென்று ஸ்பிரிங்கின் தலைப்பகுதியை அழுத்தும். தனியே ஓட்டும்போது 8 கிளிக், இருவரும் பெட்டிகளும் என்றால் 26 கிளிக் அளவில் வைப்பேன். திருகின் வேலைப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை, ஒரு சொட்டும் கசிந்ததில்லை. அது அமர்ந்திருக்கும் இடம்தான் குறை. வலப்பக்கப் பெட்டியின் சட்டத்துக்கும் பின்னிருக்கைக்காரரின் கால்மிதிக்கும் நடுவில், பெட்டி மாட்டியிருந்தால் இரண்டு விரல்கூட நுழையாத இடுக்கில் அது இருக்கிறது. ப்ரீலோடை மாற்றும் தேவை எழுவதே பெட்டி மாட்டும் நாளில்தான். சுமையை உத்தேசமாகக் கணித்து, பெட்டி மாட்டுவதற்கு முன் திருகி வைக்க வேண்டும். பெட்டிகளை மாட்டி இருவரும் ஏறி அமர்ந்த பிறகு கணிப்பு தவறென்று தெரிந்தால், இறங்கி, பெட்டியைக் கழற்றி, மீண்டும் தொடங்க வேண்டும். மழையில் இதைச் செய்தவர்களுக்கு என் கோபம் புரியும். செயினிலிருந்து தெறிக்கும் மசகும் சாலைத் தூசியும் திருகின் பற்களில் அடைந்துவிட்டால் கிளிக்கையும் விரலால் உணர முடிவதில்லை.

திருகை இடப்பக்கச் சட்டத்துக்கு மாற்றலாம் என்று முயன்றேன். குழாய் நான்கு விரற்கடை போதவில்லை. இருக்கையின் அடியில் வைக்கலாம் என்றால், இருக்கையைக் கழற்ற அதன்மேல் கட்டிய பையை அவிழ்க்க வேண்டும். குழாயை நீளமாக மாற்றினால் உள்ளே நுழையும் காற்றை முழுவதும் வெளியேற்றி எண்ணெயை நிரப்ப வேண்டும் என்பதால், அதை வீட்டில் செய்யத் துணியவில்லை.

34,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பூச்சு தெரிந்தது, சீல் தேய்ந்திருந்தது. பின்சக்கரம் வாரியிறைக்கும் மண்ணுக்கு நேராக நிற்கும் தண்டுக்கு எந்த மறைப்பும் இல்லை. கசிவு மெல்லியதாக இருந்தவரை ஓட்டினேன், ரீபவுண்டின் பிடி தளர்ந்த பிறகு கழற்றினேன். சீலை மாற்றி நைட்ரஜனை மீண்டும் ஏற்றும் வேலையை அதற்குரிய கருவி உள்ள இடத்தில்தான் செய்ய முடியும் என்பதால் அனுப்பிவைத்தேன். அத்துடன், 15 சென்டிமீட்டர் நீளமான குழாய் ஒன்றைப் பொருத்தித் தரும்படியும், அதற்கான கட்டணத்தைத் தருவதாகவும் தெளிவாக எழுதிப் பார்சலுக்குள் வைத்தேன். ஷாக் புத்தம் புதிதுபோலத் திரும்பியது. சீலும் எண்ணெயும் வாயுவும் எல்லாம் சரியாக இருந்தன. குழாய் மட்டும் பழைய குழாய்தான். முடியும் என்றோ முடியாது என்றோ ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதிய தாள் மடித்தபடியே பார்சலுக்குள் இருந்தது. சீல் தேய்வது இயல்பு, அதைப் பொறுத்துக்கொள்வேன். கேட்டதைப் படிக்காமலே விட்டதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நண்பரிடம், முன்பக்க ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் மாற்றுங்கள், பின்பக்க ஷாக்கை வாங்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் பெரும்பாலும் தனியே ஓட்டுபவர், பக்கப்பெட்டி மாட்டுவது அரிது, அந்தத் திருகு அவரை ஒருபோதும் வாட்டாது என்பது எனக்குத் தெரியும். என் வண்டியிலிருந்து அந்த ஷாக்கைக் கழற்றும் எண்ணம் எனக்கில்லை என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. இருந்தாலும் இந்த வாரம் என்னிடம் கேட்டால் பதில் அதுதான். நேற்றிரவு பயணத்துக்காக 24 கிளிக் என்று கணித்துப் பெட்டிகளை மாட்டினேன். காலையில் இருவரும் ஏறி அமர்ந்தபோது 28 வேண்டும் என்று தெரிந்தது. வலப்பக்கப் பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்தேன்.