பி.காம் முதல் வருட அக்கவுண்டன்சி டியூஷன்
பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டு பி.காம் சேர்ந்ததால் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் இந்த மாலை டியூஷனுக்குப் போனேன். வீட்டில் வரவு என்றால் வருமானம், இங்கே பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று (டெபிட்) எழுதணும் என்றதும் தலை சுற்றியது. சார் அவசரப்படாமல் ஒரு மளிகைக் கடையின் ஒரு நாள் பில்களை வைத்து குறிப்பேடு (நடவடிக்கைகளைத் தேதி வாரியாக எழுதுவது), பேரேடு (அவற்றைக் கணக்கு வாரியாகப் பிரிப்பது), இருப்பாய்வு (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) என வரிசையாக எழுத வைத்தார், அப்போதுதான் பிடிபட்டது. மெஷின் ரிப்பேர் செலவை மெஷின் கணக்கிலேயே எழுதினாலும் இருப்பாய்வு டேலி ஆகும், ஆனால் கணக்கு தப்பு என்று அவர் காட்டிய விதம் அருமை. தேய்மானம் (சொத்தின் மதிப்பு வருடாவருடம் குறைவதைக் கணக்கிடுவது) பாடம்தான் குறை. ஒரே வகுப்பில் முடித்துவிட்டார்கள், ஒவ்வொரு வருடமும் மீதி மதிப்பில் சதவீதம் கழிக்கும் குறைந்து செல் மதிப்பு முறைக்கு இன்னும் 4 கணக்காவது போட்டிருக்கலாம். அப்புறம், பின் பெஞ்சில் போர்டு தெரியாது, சீக்கிரம் போய் இடம் பிடியுங்கள்.