தூண்டிலுக்குப் போலரைஸ்டு கூலிங் கிளாஸ்: சாம்பலா செம்பா, பாலிகார்பனேட்டா கண்ணாடியா?

காலை எட்டு மணி வெயிலில் முட்டுக்காடு கழிமுகத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியாது, அதன்மேல் கிடக்கும் வானம்தான் தெரியும். அந்த வெள்ளைத் தகட்டை உரித்துவிட்டால் மடவைக் கூட்டம் திரும்புவதும், கல்லோரத்து நிழலில் கொடுவா ஒதுங்கி நிற்பதும் கண்ணில் படும். அந்த உரிக்கும் வேலைதான் போலரைஸ்டு லென்ஸுடையது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி பளபளப்பையும் மீனையும் சேர்த்தே மங்கலாக்கிவிடும். ஆகவே போலரைஸ்டு வேண்டுமா என்று யோசிக்கவே தேவையில்லை. எந்த நிறம், எந்தப் பொருள், எந்த ஃப்ரேம் என்பதில்தான் காசு வீணாகிறது.

விலையைக் கேட்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது முழுக்கக் கிடைமட்டமாக அதிர்கிறது. லென்ஸுக்குள் இருக்கும் படலம் தடுப்பது அந்தக் கிடைமட்ட அதிர்வைத்தான். உங்கள் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தச் சாய்வு விழும் இடம் ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி. தூண்டில் வளைவில், அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பில், 3 மீட்டர் உயரக் கல்மேல் ஏறி நின்றால் 6 மீட்டர் தள்ளி. அந்த இடத்தைத் தாண்டத் தாண்ட விளைவு குறைந்துகொண்டே போகும். கரையோடு நிற்பவருக்கு 20 மீட்டருக்கு அப்பால் எந்த விலை லென்ஸும் அடியைக் காட்டாது. கண்கூச்சம் குறையும், அவ்வளவே. மீனைத் தேடுவதென்றால் பணத்தைவிட உயரம் உதவும். இன்னொன்று, தலையை லேசாக இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். அலைச்சரிவில் பட்டு வரும் ஒளி நேர்க் கிடைமட்டமாக இருப்பதில்லை. பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்ததும் சட்டென்று அடி தெளிகிற இடம் ஒன்று இருக்கும்.

நிறம்: சண்டை இங்கேதான்

கடைகளில் அதிகம் அடுக்கியிருப்பது சாம்பல் லென்ஸ், அதன்மேல் கண்ணாடிபோல் மின்னும் நீல மிரர் பூச்சு. பார்க்க அழகு. சாம்பல் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், அதனால் நிறங்கள் மாறாது. சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ படகெடுத்து, நீலத் தண்ணீரில் வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் நாள் முழுக்கத் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு அது சரி. அங்கே தண்ணீருக்குள் பார்க்க ஒன்றுமில்லை. பறவை எங்கே விழுகிறது, மீன் கூட்டத்தால் மேல்தண்ணீர் எங்கே கொதிக்கிறது என்று தொடுவானத்தைத்தான் பார்க்க வேண்டும். கண் களைக்காமல் இருந்தால் போதும்.

கழிமுகத்துக்கும் ஏரிக்கும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருவதுதான் தப்பு. பழவேற்காடு, முட்டுக்காடு, பிச்சாவரம் தண்ணீர் எல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கலந்தது. மீன் முதுகும் அதே நிறம், பாசியும் அதே நிறம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது செம்பு நிறமும் பழுப்பும். காற்று ஈரத்திலும் கலங்கல் தண்ணீரிலும் நீல ஒளிதான் அதிகம் சிதறிப் புகைபோலப் பரவும். செம்பு லென்ஸ் அந்த நீலத்தை நன்றாக வெட்டிவிடுவதால், பழுப்புக்குள்ளேயே இருக்கும் வெளிர், அடர் வேறுபாடுகள் மேலெழும்பும். மணல்திட்டு முடிந்து பள்ளம் தொடங்கும் கோடு சாம்பலில் ஒரு சந்தேகமாகத்தான் தெரியும். செம்பில் அது கோடாகவே தெரியும். நிறங்கள் கொஞ்சம் சூடாகத் தெரிவது முதல் அரைமணி நேரம் உறுத்தும், பிறகு மறந்துவிடும்.

மஞ்சள், வெளிர் ரோஸ் லென்ஸ்கள் தனிச் சாதி. கால்பங்கு ஒளிக்கு மேல் உள்ளே விடுபவை. விடியலில் விராலுக்குத் தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) போடுபவருக்கும், மரநிழல் கவிந்த குளத்துக்கும், மழைமேக நாளுக்கும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் கழற்றி வைத்துவிட வேண்டும். இதையே ஒரே கண்ணாடியாக வாங்கியவர் மதியம் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

மிரர் பூச்சு லென்ஸின் உண்மை நிறத்தை மறைக்கும். பச்சை மிரருக்குப் பின்னால் பெரும்பாலும் செம்பு இருக்கும், நீலத்துக்குப் பின்னால் பெரும்பாலும் சாம்பல். ஆனால் இது விதியல்ல. கண்ணாடியைத் திருப்பி, உட்புறமாக ஒரு வெள்ளைத் தாளைப் பாருங்கள். தாள் எந்தச் சாயலில் தெரிகிறதோ அதுதான் நீங்கள் வாங்கும் நிறம். உப்புத் தண்ணீரில் முதலில் கீறுவதும் அந்த மிரர் பூச்சுதான்.

இருட்டின் அளவுக்கு வேறு எண் உண்டு. காதுக்கம்பியின் உட்புறத்தில் கேட்டகரி 0 முதல் 4 வரை ஒன்று அச்சிட்டிருக்கும். 3 என்றால் 8 முதல் 18 சதவீத ஒளி உள்ளே வரும். நம் வெயிலுக்கு அது போதும். 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. மீன்பிடித்துவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு திரும்புகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸையும் சிலர் கேட்கிறார்கள். சூடு ஏற ஏற அது கறுப்பது குறையும். மே மாத எண்ணூரில் எதிர்பார்த்த இருட்டு வராது. அவலாஞ்சியில் டிரவுட்டுக்குப் போகிறவருக்கு, அந்தக் குளிரில், அதே லென்ஸ் நன்றாகக் கறுக்கும்.

பொருள்: நான்கு போட்டியாளர்கள்

கண்ணாடி லென்ஸில் தெளிவு அதிகம், கீறல் குறைவு. ஆனால் அதன் அடர்த்தி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு. ஐந்து மணி நேரம் போட்டிருந்தால் மூக்குத்தண்டில் பள்ளம் விழும், கல்லில் விழுந்தால் கதை முடிந்தது. படகில் உட்கார்ந்து பிடிப்பவருக்கு ஒத்துவரும். கல்லுக்குக் கல் தாவுகிறவர் வாங்க வேண்டாம்.

பாலிகார்பனேட் எளிதில் உடையாது. தூண்டிலுக்கு இது வெறும் வசதியல்ல. கல்லிடுக்கில் மாட்டிய 20 கிராம் ஜிக்கை (கொக்கி வைத்த ஈயப் போலி இரையை) ராடை வளைத்து இழுக்கும்போது, சட்டென்று விடுபட்டால் அது நேராக முகத்துக்குத்தான் வரும். கண்ணுக்கும் கொக்கிக்கும் நடுவில் இருப்பது அந்த லென்ஸ் ஒன்றுதான். புற ஊதாக் கதிரையும் இந்தப் பொருளே பெருமளவு தடுத்துவிடும். குறை இரண்டு: சீக்கிரம் கீறும், ஓரங்களில் நிறம் லேசாகப் பிரியும், பவர் அதிகமானால் அது இன்னும் தெரியும். கொசுவிரட்டியில் உள்ள டீட் இதன் பூச்சைத் தின்றுவிடும், கையைத் துடைக்காமல் லென்ஸைத் தொடக் கூடாது.

சிஆர் 39 பிளாஸ்டிக் தெளிவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும், எடை குறைவு. அடி தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்குக் கீழே. பவர் லென்ஸ் செய்ய இதுதான் அதிகம் கிடைக்கும்.

சில நூறு ரூபாய் போலரைஸ்டு பெரும்பாலும் டிஏசி. போலரைசிங் படலத்தை நடுவில் வைத்து, இருபுறமும் மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்வது. புதிதாக இருக்கும்போது பளபளப்பை வெட்டுவதில் மோசமில்லை, இதை ஏளனம் செய்யத் தேவையில்லை. வினை பிறகுதான் வரும். உப்பும் ஈரமும் ஓரத்தில் நுழைந்து, காரின் டேஷ்போர்டு சூடும் சேர்ந்தால் அடுக்குகள் பிரியும். ஓரத்தில் மீன்செதில் அளவுக்கு ஒரு வெளிறிய திட்டு முதலில் தோன்றும். தூண்டில் பிடித்துப்போகுமா என்று தெரியாத புதியவருக்கு ஒரு சீசன் ஓட இது போதும்.

பெரிய பெயர்களில் கோஸ்டா டெல் மார் ஒரே லென்ஸை 580 ஜி, 580 பி என்று இரண்டாக விற்கிறது. ஜி கண்ணாடி, பி பாலிகார்பனேட். 580 என்பது அது வடிகட்டும் மஞ்சள் ஒளியின் அலைநீளம், நானோமீட்டரில். ரே-பானில் லென்ஸில் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் பி என்ற எழுத்து இருந்தால்தான் போலரைஸ்டு. அதே ஃப்ரேமில் சாதா லென்ஸும் விற்கிறார்கள்.

கடையிலேயே பார்த்துவிடுங்கள்

ஒளிந்திருக்கும் மீன் படம் உள்ள அட்டையைக் காட்டி நம்பவைப்பார்கள். அது போலரைஸ்டா என்று மட்டும் சொல்லும், நல்லதா என்று சொல்லாது. கடையின் எல்சிடி மானிட்டருக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுக்கும். இரண்டு லென்ஸும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கறுக்க வேண்டும். இடது முந்தி வலது பிந்தினால் படலங்கள் கோணலாக ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கண்ணிலும் பளபளப்பு வேறுவேறு அளவில் விழ, இரண்டு மணி நேரத்தில் தலைவலி வந்து சேரும். மலிவுக் கண்ணாடி கண்ணை வலிக்கிறது என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். யுவி 400 என்ற குறி தனியாக இருக்க வேண்டும். போலரைஸ்டு என்பதாலேயே புற ஊதா தடுக்கப்பட்டுவிடாது.

படகில் ஃபிஷ் ஃபைண்டர், ஜிபிஎஸ் வைத்திருப்பவர் இதே சோதனையை அந்தத் திரையிலும் செய்ய வேண்டும். நேராகப் பார்க்கும்போது திரை கறுத்துவிட்டால் லென்ஸில் குற்றமில்லை. திரையைப் பொருத்தும் கோணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஃப்ரேமும் பவரும்

தட்டையான, ஸ்டைலான ஃப்ரேமுக்குள் பக்கவாட்டு வெளிச்சம் புகுந்து லென்ஸின் உட்புறத்தில் பட்டு, உங்கள் கன்னத்தையே உங்களுக்குக் காட்டும். போலரைசேஷனால் கிடைத்த லாபத்தில் பாதி அங்கேயே போய்விடும். காது வரை வளைந்து அணைக்கும் ஃப்ரேம்தான் வேண்டும். கண்வெள்ளையில் சதை வளர்வதற்குப் புற ஊதாவும் காற்றும் தூசியும் காரணம் என்பதால், கடலோரத்தில் இது மீனைத் தாண்டிய விஷயம். ரொம்ப இறுக்கமாக அணைத்தாலும் வியர்வையில் லென்ஸ் மூடுபனி கட்டும். புருவத்துக்கு மேல் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். கீல் திருகு துருப்பிடிக்காததாக இருக்கட்டும். கழுத்துக் கயிறு கட்டாயம்.

பவர் கண்ணாடி போடுகிறவருக்கு மூன்று வழி. கிளிப் மாட்டுவது மலிவு, ஆனால் இடையில் சிக்கும் உப்பு இரண்டு லென்ஸையும் சேர்த்துக் கீறும். பவர் கண்ணாடிக்கு மேலேயே போடும் பெரிய போலரைஸ்டு மூடி பார்க்க வெல்டிங் கடைக்காரர் போல இருக்கும். ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தை அது அடைப்பதுபோல வேறெதுவும் அடைக்காது. அழகைப் பற்றிக் கவலையில்லாதவர் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். பவரோடே செய்த போலரைஸ்டு லென்ஸ் வசதி, விலை அதிகம். அதிக வளைவு ஃப்ரேமில் பெரிய பவர் போட்டால் ஓரங்கள் வளைந்து தெரியும். நாற்பதைத் தாண்டியவர் கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் வைத்துக் கேளுங்கள். 0.20 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பை இருட்டு லென்ஸ் வழியாகக் கொக்கிக் கண்ணில் கோர்த்துப் பார்த்தவருக்கு ஏன் என்று தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் செம்பு நிறம், பாலிகார்பனேட், கேட்டகரி 3, வளைந்த ஃப்ரேம். ஆழ்கடலுக்கு மட்டுமே போகிறவர் நிறத்தைச் சாம்பலாக மாற்றிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் அதைக் கொல்வது சட்டை நுனிதான். தெறித்த கடல்தண்ணீர் காய்ந்ததும் லென்ஸில் உப்புப் பொடி நிற்கும்; துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி அலசுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு விரலால் தடவி மீண்டும் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். குடிக்கும் பாட்டிலின் கடைசி இரண்டு மடக்கு இதற்கென்று மீதி இருக்கட்டும்.