எனர்ஜி லேபில் ஆறு வருஷம்: 40 ஹெர்ட்ஸில் ஏறாத தண்ணீர்

ஆலைகளில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்று சொல்லித்தரவும் ஆராயவும் எங்கள் கல்லூரியில் கட்டிய எனர்ஜி லேப் இது. ஊர் கோவைப் பக்கம். ஆறு வருஷமாக என் பொறுப்பில் இருக்கிறது. ஸ்க்ரூ கம்ப்ரஸர், பம்பு சோதனை மேடை, சின்ன டீசல் பாய்லர், எல்லா அளவையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருள். பார்க்க வருகிறவர்கள் அந்தத் திரை முன்னால்தான் நிற்பார்கள். நான் அதிகம் கையில் எடுத்தது சோப்புத் தண்ணீர் பாட்டிலைத்தான்.

இரண்டாம் வருஷம் ஒருநாள், காற்று எடுக்கும் எல்லா மேசைகளையும் மூடிவிட்டு மாணவர்களை ஸ்டாப்வாட்ச்சுடன் கம்ப்ரஸர் பக்கத்தில் நிறுத்தினேன். 40 விநாடி லோடு (காற்றை அழுத்தும் நேரம்), 80 விநாடி அன்லோடு (அழுத்தாமல் சும்மா சுற்றும் நேரம்). அதாவது யாருமே பயன்படுத்தாதபோது கம்ப்ரஸர் திறனில் மூன்றில் ஒரு பங்கு கசிவுக்கே போகிறது, அதுவும் சிக்கனம் சொல்லித்தரும் லேபில்! சோப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டே போனோம். க்விக் கப்ளர்கள், தளர்ந்த ஹோஸ் கிளிப்புகள், டேங்க் அடியில் ஒரு டிரெயின் வால்வு என்று நுரை கிளம்பிக்கொண்டே இருந்தது. மாற்றி முடித்தபின் 30 விநாடி லோடு, 270 விநாடி அன்லோடு. கசிவு 10 சதவீதம். அப்புறம் அழுத்தத்தை 7 பாரிலிருந்து 6-க்கு இறக்கினோம். ஒரு பார் குறைந்தால் மின்சாரம் சுமார் 6-7 சதவீதம் குறையும்.

பம்பு மேடைதான் என்னை ஏமாற்றியது. மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியான வி.எஃப்.டி.யில் 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் நீரோட்டம் 80 சதவீதமாகும், மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். வேகத்தின் மும்மடி விதி. எங்கள் மேடையில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அது அழகாக வந்தது. அந்தத் தெம்பில் லேபில் உபரியாக இருந்த வி.எஃப்.டி.யை ஹாஸ்டல் பம்பில் மாட்டினோம். 40-இல் மோட்டார் சமர்த்தாகச் சுற்றியது. பத்து நிமிடத்தில் பம்பு ஆபரேட்டர் மாடியிலிருந்து கூப்பிட்டார்: "சார், தண்ணியே ஏறலீங்க!"

வேகம் 80 சதவீதமானால் பம்பு தள்ளும் உயரம் 64 சதவீதமாகிவிடும். அது மாடி டேங்க் வரைக்கும் எட்டவில்லை. தண்ணீர் பம்புக்குள்ளேயே சுழன்று சூடாகிக்கொண்டிருந்தது. லேப் மேடையில் எடுத்த தொட்டியிலேயே தண்ணீர் திரும்ப விழும். ஏற வேண்டிய உயரமே இல்லை, அதனால்தான் விதி அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது. கடைசியில் ஹாஸ்டலில் மிச்சம் கிடைத்தது, அந்த உயரத்துக்குப் பொருத்தமான பம்பாக மாற்றியதில்தான். இப்போது மாணவர்களுக்கு முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் சூத்திரத்துக்கே போகிறேன்.

பாய்லர் பருவத்துக்கு இரண்டு தடவை ஓடும். டீசல் செலவுக்கு அதற்குமேல் அனுமதி வாங்க முடியாது. மென்பொருளின் உரிமம் நான்காம் வருஷம் முடிந்தது. புதுப்பிக்க நிறுவனம் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு, ரீடிங்கைப் பழையபடி நோட்டில் எழுதச் சொல்லிவிட்டோம். இதில் ஒரு லாபம் உண்டு. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை மட்டும் பார்த்துவிட்டுப் பவர் ஃபேக்டரை, அதாவது அதில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்பதை, மறக்கிற பையன்கள் அந்தக் கணக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்படி ஒரு லேப் கட்டப்போகிறவர்கள் என்னிடம் கேட்டால், திரைக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, பம்பு மேடையிலிருந்து மொட்டைமாடிக்கு ஒரு குழாய் போடச் சொல்வேன். எங்கள் லேபுக்கும் அதற்கான எஸ்டிமேட் போன வருஷமே கொடுத்தாயிற்று. கையெழுத்துதான் பாக்கி.