சிறு ஆளில்லா வானூர்தி வடிவமைக்க எக்ஸ்எஃப்எல்ஆர்5: ஒரு மதிப்பீடு

கோவைப் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் சிறு ஆளில்லா வானூர்தி வடிவமைக்கும் மாணவர்கள் இறக்கைக் கணக்கீட்டுக்கு எந்த மென்பொருளை எடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் எக்ஸ்எஃப்எல்ஆர்5 என்றே சொல்வேன். விலையில்லாதது, மூலநிரலும் திறந்தது. ஆய்வகத்தின் சாதாரணக் கணினியிலேயே விரைவாக விடை தருகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் மார்க் ட்ரெலா 1986இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் நிரலே இதன் அடித்தளம் என்பதால், குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணில் (இறக்கை சிறிதாகவும் வேகம் குறைவாகவும் இருந்தால் குறையும் காற்றோட்ட அளவு) பறக்கும் சிறு இறக்கைகளுக்கு நன்கு பொருந்துகிறது. ஈர்ப்பு மையத்தைச் சற்று முன்னே நகர்த்தினாலோ வாலின் பரப்பைக் கூட்டினாலோ நிலைத்தன்மை எப்படி மாறுகிறது என்பதை, பால்சா என்னும் இலகு மரத்தில் கத்தி வைப்பதற்கு முன்பே மாணவர் வரைபடத்தில் கண்டுகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்துக்குரிய, கனமீட்டருக்கு 1.225 கிலோ என்ற அளவு. சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில், வெப்பநிலை 30 டிகிரியாக இருக்கும் நாளில், அது ஏறத்தாழ 1.11 ஆகிவிடுகிறது, அதே வேகத்தில் தூக்குவிசை 9 சதவீதம் குறைகிறது, வானூர்தி ஸ்டால் ஆகும் (இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரியும்) வேகமோ 5 சதவீதம் கூடுகிறது. இயன்ற மட்டும் எடை ஏற்றப் பார்க்கும் போட்டிக் குழுவுக்கு இது சிறிய வேறுபாடு அன்று. ஆகவே அடர்த்தியையும் பாகுநிலையையும் (காற்றின் பிசுப்புத் தன்மை) நம் ஊருக்கேற்ப மாற்றிய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஸ்டாலை நெருங்கும்போது இது காட்டும் தூக்குவிசை பெரும்பாலும் மிகையானது என்பதால், உச்ச மதிப்பை அப்படியே நம்பி எடையை முடிவு செய்யக் கூடாது. உடற்பகுதியைச் சேர்த்துச் செய்யும் கணக்கும் நம்பத்தக்கதாக இல்லை. இறக்கையையும் வாலையும் மட்டும் கணக்கிட்டு, உடலின் இழுவிசையைக் கையால் கூட்டிக்கொள்வதே நல்லது. மாணவர்களைத் திணறடிக்கும் 'பறப்பு வரம்புக்கு வெளியே' என்ற பிழைச்செய்தி, பெரும்பாலும் இறக்கை வெட்டுவடிவத்தின் தரவுகளைப் போதிய ரெனால்ட்ஸ் எண்களுக்குத் தயாரிக்காததால் வருவது. அந்த எல்லையை விரித்தால் செய்தி மறைந்துவிடும்.

மென்பொருள் சீரான காற்றோட்டத்தையே கருதிக் கணக்கிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அப்படிச் சீராக வீசுவதில்லை. அந்தப் பருவத்தில் பறக்கவிடும் குழு, பறப்பு வேகத்தைக் கணக்கிலேயே தாராளமாகக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பறப்பு என்றால், காற்று எழுவதற்கு முந்தைய விடியற்காலை நேரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.